காத்தடிக்கிற போட்டும் சின்ன எஞ்சினும்: நாலு பேர் குடும்பத்துக்கு எது சரிவரும்?

2023 ஏப்ரல் 23

டொராண்டோ பக்கம் இருக்கேன். டவுன்ஹவுஸ், ட்ரெய்லர் நிறுத்த இடம் கிடையாது, மினிவேன் ஒண்ணு இருக்கு. நான் 82 கிலோ, பையனுக்கு 11 வயசு, பொண்ணுக்கு 6, வீட்ல அவங்க எடைய இங்க போட்டா எனக்கு ராத்திரி சோறு கிடைக்காது. மடிச்சு வேன் பின்னாடி போட்டுட்டு போற மாதிரி காத்தடிக்கிற போட் ஒண்ணு, அதுக்கு பின்னாடி மாட்ட ஒரு எஞ்சின், இதான் வேணும். போற எடம் சிம்கோ ஏரி, ஸ்கூகாக், பால்சம் லேக், அவ்ளோதான். மீன் பிடிக்கறது ரெண்டாம்பட்சம். சும்மா சுத்தணும், எங்கயாவது மணல் கரையில ஒதுங்கி புளிசோறு சாப்டுட்டு திரும்பணும்.

3 மீட்டர் போட், 9.9 எச்பி எஞ்சின்னு கிட்டத்தட்ட முடிவு பண்ணிட்டேன். 10 எச்பிக்கு கீழ இருந்தா போட்டுக்கு தனியா லைசென்ஸ் நம்பர் எடுக்க வேணாம்ல, அதனாலதான் இந்த 9.9. எதிர்ப்பு இருந்தா இப்பவே சொல்லிடுங்க, வாங்கினதுக்கு அப்புறம் சொன்னா காதுல விழாது.

2023 ஏப்ரல் 24

ஒரே நாள்ல இத்தனை பேர் திட்டுவீங்கனு எதிர்பாக்கல. சரி, கேட்டதுக்கெல்லாம் பதில்.

"4 பேர்னு போட் ப்ளேட்ல போட்டிருக்கே"னு நான் சொன்னதுக்கு ஒருத்தர் டேப் எடுத்து அளந்து பாருன்னார். அளந்தேன், அதாவது பேப்பர்ல. மொத்த அகலம் 152 செ.மீ., ரெண்டு பக்கமும் ட்யூப் தலா 42. உள்ள மிச்சம் 68 செ.மீ. எங்க வீட்டு வாசக்கதவு இத விட அகலம். நீளம் 3 மீட்டர்னு போட்டிருந்தாலும் முன்னாடி வளைவு, பின்னாடி ட்யூப் கூம்பு எல்லாம் போக கால் வைக்கற தரை 2 மீட்டர் வந்தா பெருசு. அந்த 68க்கு 200ல நாலு பேர், பெட்ரோல் கேன், சாப்பாட்டு பை, நங்கூரம், துண்டு. ட்யூப் மேல உக்காரலாம்தான், எல்லாரும் அப்படித்தான் உக்கார்றாங்க. ஆனா 6 வயசு பொண்ண ட்யூப் மேல உக்கார வெச்சு ஓட்ட எனக்கு தைரியம் இல்ல.

அப்புறம் எடை. இன்னொருத்தர் சொன்ன கணக்கு: போட் தண்ணிய கிழிச்சுக்கிட்டு போகாம மேல எழும்பி வழுக்கிட்டு போகணும்னா ஒரு எச்பிக்கு 20, மிஞ்சிப் போனா 25 கிலோ இருக்கணும், மொத்த எடையும் சேத்து. எங்க நாலு பேர், போட், எஞ்சின், சாமான் எல்லாம் கூட்டினா 300 வருது (ஒருத்தர் எடைய நான் பயந்து கம்மியா போட்டிருக்கேன்). 9.9ஆல வகுத்தா 30. ஆக நான் பெருசுனு நெனச்ச எஞ்சினே நாலு பேரோட எழும்புமான்னு சந்தேகம்.

எழும்பலைன்னா? தண்ணியில உக்காந்தபடியே போற போட்டுக்கு ஒரு வேக எல்லை உண்டாம், அது நீளத்த பொறுத்தது. தண்ணி தொடற நீளத்த அடிக்கணக்குல எடுத்து, வர்க்கமூலம் போட்டு, 1.34ஆல பெருக்கினா நாட் கணக்குல வரும். நம்ம போட்டுக்கு எட்டரை அடின்னு வெச்சா 3.9 நாட், மணிக்கு 7 கிலோமீட்டர் சொச்சம். அதுக்கு மேல எவ்ளோ பெட்ரோல் ஊத்தினாலும் பின்பக்கம் கீழ அமுங்கும், முன்பக்கம் வானத்த பாக்கும், அலை பெருசாகும், வேகம் மட்டும் பெருசா ஏறாது. அந்த ஏழு கிலோமீட்டருக்கு ரெண்டரை எச்பி போதும்ங்கறாங்க.

எனக்கு இன்னும் மனசு வரல. ரெண்டரை எச்பினா எங்க ஊர்ல கிணத்துல தண்ணி எறைக்கற மோட்டார்.

2023 ஏப்ரல் 30

கடைக்கு போய் தூக்கி பாத்துட்டு வந்தேன். இத முதல்லயே பண்ணியிருக்கணும்.

9.9 வகையறா 37 கிலோவுலேர்ந்து 40க்கு மேல வரைக்கும் இருக்கு. 37 கிலோ அரிசி மூட்டைய தோள்ல போட்டு தூக்கிடலாம். எஞ்சின் அப்படி இல்லைங்க. தலை கனம், கால் நீளம், பிடிக்க ஒரே ஒரு கைப்பிடி, கீழ ப்ரொப்பெல்லர் கால் முட்டிய தேடி வந்து இடிக்கும். கடைக்காரர் சிரிச்சுட்டே "இத தண்ணியில ஆடிட்டு இருக்கற போட்டுல மாட்டணும்ங்கறத ஞாபகம் வெச்சுக்கங்க"ன்னார். 5, 6 எச்பி 26 கிலோ சுமார். ரெண்டரைல சுசுகி, ஹோண்டாவோட 2.3 ரெண்டும் 13.5 பக்கம். அத ஒரு கையில தூக்கிட்டு மறு கையில பொண்ண பிடிச்சுக்கிட்டு நடக்கலாம். ஹோண்டா காத்துல குளிரற எஞ்சின், தண்ணி பம்ப் கிடையாது, கழுவற தொல்லை இல்ல, ஆனா சத்தம் புல் வெட்டற மிஷின் மாதிரி.

ஷாஃப்ட், அதாவது எஞ்சினோட கால், அதோட நீளம் பத்தி சொன்னவருக்கு நன்றி. 15 அங்குலம், 20 அங்குலம்னு ரெண்டு வரும். காத்தடிக்கிற போட்டுக்கு பெரும்பாலும் 15. எஞ்சின் மாட்டற பின் பலகைய அளந்துட்டுதான் எஞ்சின் வாங்கணும், பழைய எஞ்சின் சல்லிசா வருதுன்னு 20 அங்குலத்த வாங்கினா அது ஏரியோட அடிய உழுதுகிட்டு வரும்.

முடிவு மாறிடுச்சு: 6 எச்பி. நடுவுல நிக்கறேன், யாருக்கும் கோவம் வராது.

2023 மே 9

ஒரு வரி. போட் ஓட்டற அட்டைக்கு ஆன்லைன்ல பரீட்சை எழுதி பாஸ். கனடாவுல எவ்ளோ சின்ன எஞ்சினா இருந்தாலும், பேட்டரி மோட்டாரா இருந்தாலும் இது வேணும், 2009லேர்ந்து எல்லாருக்கும் கட்டாயம். போட் லைசென்ஸ் நம்பர் வேற, இந்த அட்டை வேற. முதல் குறிப்பு எழுதறப்ப நான் மனசுல ரெண்டையும் ஒண்ணா குழப்பிட்டு இருந்தேன், யாரும் பிடிக்கல.

2023 மே 14

பேட்டரி மோட்டார் ஏன் பாக்கலன்னு நாலு பேர் கேட்டுட்டீங்க. பாத்தேன், ஆசையாத்தான் இருந்துச்சு. டார்கீடோ ட்ராவல் 1103ன்னு ஒண்ணு, மொத்தமே 17 கிலோ பக்கம், பேட்டரிய தனியா கழட்டி எடுத்துட்டு போலாம், 915 வாட் ஹவர். ஈப்ரொபல்ஷன் ஸ்பிரிட்னு இன்னொண்ணு, 1276 வாட் ஹவர். முழு வேகத்துல முதலாவது ஒரு மணி நேரம் வராது, ரெண்டாவது ஒண்ணேகால் மணி. வேகத்த பாதியாக்கினா மணிக்கணக்கா ஓடும், ஏன்னா வேகம் கூட கூட சக்தி கண்டபடி எகிறுது. சத்தமே இல்ல, பெட்ரோல் வாசனை இல்ல, சில ஏரியில பெட்ரோல் எஞ்சின் கூடாதுன்னே வெச்சிருக்காங்க, அங்கயும் போலாம்.

விலைய பாத்துட்டு லேப்டாப்ப மூடிட்டேன்.

மீன் பிடிக்கறவங்க மாட்டற 12 வோல்ட் மோட்டார் சல்லிசு. ஆனா 55 பவுண்டு த்ரஸ்ட் (தள்ளற விசை) மோட்டார் முழு வேகத்துல 50 ஆம்பியர் இழுக்கும், அதுக்கு 100 ஆம்பியர் ஹவர் ஈய பேட்டரி போட்டா அதுவே பெட்ரோல் எஞ்சின் எடை. லித்தியம் போட்டா எடை குறையும், பர்ஸும் குறையும். ரெண்டு பேர், அமைதியான சின்ன ஏரி, காத்து இல்லாத நாள்னா இது போதும். எனக்கு சிம்கோ.

2023 ஜூன் 3

வாங்கியாச்சு. 3.1 மீட்டர் பிவிசி போட், தரையும் காத்தடிக்கிறது (ஏர் டெக்), அடியில காத்தடிக்கிற கீல் (போட் நேரா போக நடுவுல நீளமா வர்ற புடைப்பு). பையோட 34 கிலோ. அலுமினிய தரை போட்டதும் இருந்துச்சு, நிக்க நல்லா கெட்டியா இருக்கும், ஆனா 15 கிலோ கூட, தவிர பலகைய ஒண்ணுக்குள்ள ஒண்ணு சொருகும்போது கட்டைவிரல் போச்சுன்னு அனுபவஸ்தர்கள் சொன்னாங்க. எஞ்சின் பழசு, 6 எச்பி, ஃபோர் ஸ்ட்ரோக், 26 கிலோ.

போட் செய்யற துணி ஹைபலானா பிவிசியான்னு துபாய்லேர்ந்து கேட்ட நண்பருக்கு: உங்க வெயிலுக்கு ஹைபலான் வகைதான். டூபாண்ட் கம்பெனி ஹைபலான் தயாரிக்கறத 2010லயே நிறுத்திட்டாங்க, அதே வகை ரப்பர இப்ப வேற கம்பெனிங்க பண்றாங்க, பழைய பேர் மட்டும் ஒட்டிக்கிச்சு. எனக்கு வருஷத்துல எட்டு மாசம் போட் பேஸ்மென்ட்ல தூங்கப் போகுது, வெயிலே படாது. பிவிசி போதும்.

2023 ஜூன் 12

முதல் தடவை, பால்சம் லேக். சொல்ல வேண்டியது நிறைய இருக்கு, ஆனா முதல்ல காத்து.

கால் பம்ப்ல அடிச்சோம். இருபத்தஞ்சு நிமிஷம். பையன் அஞ்சு நிமிஷம் மிதிச்சுட்டு "அப்பா இது ஹோம்வொர்க்க விட மோசம்"னு போயிட்டான். ட்யூப்புக்கு 0.25 பார், அதாவது 250 மில்லிபார் அழுத்தம்னு எழுதியிருக்கு, கார் டயரோட ஒப்பிட்டா ஒண்ணுமே இல்ல, ஆனா அளவு பெருசு. தரைக்குத்தான் உண்மையான அழுத்தம், அது கடைசில இருபது மிதி வேர்வை கொட்டும். கெட்டியா அடிச்சாச்சு, தட்டினா தவில் மாதிரி சத்தம். தண்ணியில விட்டு பத்து நிமிஷத்துல தொளதொளன்னு ஆயிடுச்சு. ஓட்டைன்னு நெனச்சு சோப்புத்தண்ணி தேடினேன். ஓட்டையில்ல, ஏரி தண்ணி இன்னும் ஜில்லுனு இருக்கு, உள்ள இருக்கற காத்து சுருங்கிடுச்சு. ஒரு டிகிரிக்கு கிட்டத்தட்ட 4 மில்லிபார் ஏறும் எறங்கும். 13 டிகிரி வித்தியாசம்னா 250ல 50 போச்சு. தண்ணியில விட்டுட்டு மறுபடி அடிக்கணும். மத்தியானம் கரையில இழுத்து வெயில்ல விட்டா இதே கணக்கு மேல போகும், அப்ப கொஞ்சம் காத்து விடணும், இல்லைன்னா தையல் ஒட்டு விடற அளவுக்கு உப்பும்.

வேகம்: நானும் பையனும் மட்டும் போனப்ப போன்ல 19 கிலோமீட்டர் காட்டுச்சு, அவனுக்கு ராக்கெட் ஏறின சந்தோஷம். நாலு பேரும் ஏறினப்ப 9, முழு வேகத்துல. முன்பக்கம் தூக்கிக்கிட்டு எனக்கு எதிர்ல இருக்கறது என் குடும்பம் மட்டும்தான், ஏரி தெரியல. வேகத்த குறைச்சு 7க்கு வந்தா எல்லாம் சமமாச்சு, பேச முடிஞ்சுது. ஏப்ரல் 24 கணக்கு அப்படியே. பெட்ரோல் கேன முன்னாடி தள்ளி வெச்சா கொஞ்சம் தேவலாம்.

ஒன்டாரியோவுல கரையிலேர்ந்து 30 மீட்டருக்குள்ள மணிக்கு 10 கிலோமீட்டருக்கு மேல போகவும் கூடாது. நாங்க சுத்தினதுல முக்காவாசி கரையோரம்தான். அப்ப எதுக்கு 6 எச்பின்னு வீட்ல கேட்டாங்க. இதுவரைக்கும் பதில் சொல்லல.

2023 ஜூலை 3

கவனிங்க: ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின படுக்க வைக்கறதுக்கு ஒரு பக்கம் இருக்கு. புத்தகத்துல படம் போட்டே சொல்லியிருக்கான், எஞ்சின் மேலயும் ஒட்டியிருக்கு. நான் அவசரத்துல மறுபக்கம் சாய்ச்சு வேன்ல போட்டுட்டேன். வீட்டுக்கு வந்து பாத்தா கார்பெட்ல எஞ்சின் ஆயில். அது பரவால்ல, ஆயில் சிலிண்டர் உள்ளயும் எறங்கிடுச்சு, மறுநாள் ஸ்டார்ட் பண்ண இழுத்தா கயிறு நகரல. ஸ்பார்க் ப்ளக்க கழட்டிட்டு மெதுவா இழுத்து ஆயில வெளிய துப்ப வெச்சேன், அப்புறம் ஸ்டார்ட் ஆச்சு, தெரு முழுக்க வெள்ளை புகை. பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பாத்து வீடு பத்திக்கிச்சான்னு கேட்டார்.

2023 ஜூலை 24

நேத்து நடந்தது. இத எழுதலாமா வேணாமான்னு யோசிச்சேன்.

சிம்கோ, சிபால்ட் பாயின்ட் பார்க். காலைல கரையோரம் தண்ணி கண்ணாடி மாதிரி, சலசலப்பே இல்ல. இத விட நல்ல நாள் கிடைக்காதுன்னு நாலு பேரும் கிளம்பினோம். ஒரு பத்து நிமிஷம் போயிருப்போம், எஞ்சின் இருமிட்டு நின்னுச்சு. இழுத்தேன், ஓடுச்சு, அரை நிமிஷத்துல மறுபடி நின்னுச்சு. திரும்பி பாத்தா கரை நெனச்சத விட தூரத்துல இருக்கு, கண்ணு முன்னாடியே இன்னும் தூரம் போகுது. தெக்கு காத்து. கரை தெக்குல, அதாவது காத்து கரையிலேர்ந்து ஏரி நடுவுக்கு தள்ளுது. கரைகிட்ட மரமெல்லாம் மறைச்சதால காத்து தெரியல, உள்ள வர வர குட்டி குட்டியா நுரை அலை. தென்றல் தென்றல்னு பாட்டு கேட்டே வளந்தவன் நான், அந்த தென்றல்தான் என் குடும்பத்த கூட்டிட்டு போயிட்டு இருந்துச்சு.

துடுப்பு எடுத்தேன். போட்டோட இலவசமா குடுத்த ரெண்டு அலுமினிய குச்சி. காத்தடிச்ச போட் தண்ணியில நிக்கறது கொஞ்சம், காத்துல நிக்கறது நெறைய, பாய் கட்டின மாதிரி போகுது. பத்து நிமிஷம் தள்ளினேன், அதே எடத்துல நின்னேன்னு சொன்னாகூட பெருமை. பொண்ணு "அப்பா நாம எங்க போறோம்"னு கேட்டா. பையன் ஒண்ணும் கேக்கல, அது இன்னும் மோசமா இருந்துச்சு.

அப்புறம்தான் டேங்க் மூடி மேல இருக்கற சின்ன திருகு கண்ணுல பட்டுச்சு. காத்து போற திருகு. வேன்ல கொண்டு வரும்போது பெட்ரோல் சிந்தக் கூடாதுன்னு மூடியிருந்தேன், திறக்க மறந்துட்டேன். பெட்ரோல் எறங்க எறங்க உள்ள வெற்றிடம் ஆகி இழுக்க முடியாம நின்னிருக்கு. திருகினேன், புஸ்ஸுன்னு ஒரு சத்தம், ரெண்டாவது இழுப்புல ஸ்டார்ட். கரை வந்து சேர முக்கா மணி நேரம் ஆச்சு.

வீட்ல அவங்க வேன்ல ஒண்ணும் பேசல. வீட்டுக்கு வந்து "அந்த திருகுக்கு செவப்பு நெயில் பாலிஷ் அடிச்சுடுங்க"ன்னு பாட்டில கையில குடுத்தாங்க.

2023 ஜூலை 26

ஆறுதல் சொன்ன எல்லாருக்கும் நன்றி, திட்டினவங்களுக்கும். நங்கூரம் ஏன் போடலன்னு கேட்டவரு சரியா கேட்டார். எஞ்சின் நின்ன உடனே நங்கூரம் போட்டுட்டு நிதானமா எஞ்சின பாத்திருக்கணும், தள்ளிட்டு போறது நின்னிருக்கும். நங்கூரமும் 15 மீட்டர் கயிறும் போட்டுலயே இருந்துச்சு, சட்டத்துக்காக. சாப்பாட்டு பைக்கு அடியில.

லைஃப் ஜாக்கெட் எல்லாரும் போட்டிருந்தோம், அது ஒண்ணு உருப்படி. தானா உப்பற மெல்லிசு ஜாக்கெட் எனக்கும் அவங்களுக்கும், பசங்களுக்கு பழைய நுரை ஜாக்கெட்தான், 16 வயசுக்கு கீழ உப்பற வகை கூடாது. எஞ்சின் செவப்பு கயிறு, அதாவது ஓட்டறவர் தண்ணியில விழுந்தா எஞ்சின நிறுத்தற கில் ஸ்விட்ச், மணிக்கட்டுல மாட்டியிருந்தியான்னு கேட்டீங்க. அன்னிக்கு மாட்டல. இப்ப மாட்டறேன்.

2023 அக்டோபர் 1

சீசன் முடிஞ்சுது. பெட்ரோல் குழாய மூடிட்டு எஞ்சின தானா நிக்கற வரைக்கும் ஓட்டி கார்புரேட்டர காலி பண்ணியாச்சு, இல்லைன்னா வசந்த காலத்துல பிசின்தான் இருக்கும்.

ஒரு கணக்கு போட்டேன், போட்டிருக்கக் கூடாது. ஜூன்லேர்ந்து செப்டம்பர் வரைக்கும் வாரக் கடைசி பதினேழு. ஏரிக்கு போனது அஞ்சு. மழை ரெண்டு மூணு, பிறந்தநாள் விழா ரெண்டு, அது போக மிச்சமெல்லாம் வெள்ளிக்கிழமை ராத்திரி பேஸ்மென்ட் படிய பாத்துட்டு "அடுத்த வாரம் பாத்துக்கலாம்"தான். 34 கிலோ பை, 26 கிலோ எஞ்சின், பதிமூணு படி, அப்புறம் பார்க்கிங்லேர்ந்து தண்ணி வரைக்கும் மணல். திரும்பி வந்து ஈரமா மடிக்கக் கூடாது, பூஞ்சை பிடிக்கும். சிம்கோல சீப்ரா மஸ்ஸல்னு ஒரு நத்தை மாதிரி சிப்பி, ஒரு ஏரியிலேர்ந்து இன்னொண்ணுக்கு அத கொண்டு போயிடக் கூடாதுன்னு 2022 ஜனவரிலேர்ந்து மாகாணத்துல சட்டமே இருக்கு, களை, சிப்பி எல்லாம் எடுத்து தண்ணிய வடிச்சுட்டுதான் ஏத்தணும். அது நியாயம்தான், ஆனா அந்த வேலையும் நம்ம தலையிலதான்.

எஞ்சின் எவ்ளோ வேகம் போகும்னு ஏப்ரல்ல அவ்ளோ பேசினோமே, அந்த பதிமூணு படிய யாராவது கேட்டீங்களா? நானும் சொல்லல.

2024 மே 11

6 எச்பிய வித்தாச்சு. 2.5 வாங்கியாச்சு. சிரிக்கறவங்க சிரிச்சுக்கலாம்.

13.5 கிலோ. ரிவர்ஸ் கியர் கிடையாது, எஞ்சினயே 360 டிகிரி திருப்பிக்கணும், முதல் நாள் நேரா கரையில இருந்த ஒருத்தர் நாற்காலிய நோக்கி போனேன். டேங்க் ஒரு லிட்டர் பிடிக்கும், முழு வேகத்துல ஒரு மணி நேரம் ஓடும், முக்கா வேகத்துல ஓட்டினா இன்னும் நல்லா வருது. ஆடற போட்டுல பெட்ரோல் ஊத்தறது தொல்லை, சின்ன கேன்ல குழாய் மூக்கு வெச்சது ஒண்ணு வாங்கிக்கங்க.

நாலு பேரோட வேகம்? 7. போன வருஷம் கோவணம் அவுற வேகத்துல கத்திக்கிட்டு 9, இப்ப நிம்மதியா 7. பையனுக்குத்தான் ஏமாத்தம், அவன் 19 போச்சேன்னு ஒரு வாரம் என்கூட பேசல. அவன் சொல்றதும் நியாயம், ரெண்டே பேர்னா 6 எச்பிதான் சந்தோஷம். இத நான் மறைக்க மாட்டேன்.

12 வோல்ட் பம்ப்பும் வாங்கினேன். இந்த மொத்த விவகாரத்துல நான் செஞ்ச நல்ல செலவு அதுதான். கால் பம்ப்ப கொலுவுல வெச்சுடலாம்.

2024 ஜூலை 7

மாமனார் ஊர்லேர்ந்து வந்திருக்கார், நாகப்பட்டினம். முப்பது வருஷம் ஐஸ் கம்பெனியில கணக்கு எழுதினவர். கடலுக்கு போனவர் இல்ல, ஆனா விடிகாலைல கரைக்கு வர்ற அத்தனை ஃபைபர் போட் ஆளுங்களோடயும் டீ குடிச்சவர், அதனால தன்னையும் அதுல ஒருத்தரா நெனச்சுக்கறார். நம்ம போட்ட பாத்துட்டு ரொம்ப நேரம் ஒண்ணும் சொல்லல. ட்யூப்ப ரெண்டு தடவ தட்டினார். "மாப்ள, இது மெத்தையா போட்டா?"

அப்புறம் எஞ்சின மாட்ட விடல. "மொதல்ல துடுப்ப போட்டு அந்த மஞ்ச மிதவை வரைக்கும் போயிட்டு வாங்க, காத்துக்கு எதிர. வர முடிஞ்சா எஞ்சின் மாட்டுங்க"ன்னார். எங்க போன வருஷ கதை அவருக்கு தெரியாது, அவர் பொண்ணு சொல்லல போல. நூறு மீட்டர் இருக்கும். போகும்போது கை செத்துச்சு. அந்த அலுமினிய குச்சிய கையில வாங்கி பாத்துட்டு "இதுல ரசம் கூட கலக்க முடியாதே"ன்னார். நேரா போய் நீளமான மரத்துடுப்பு ரெண்டு வாங்கினோம், இப்ப அதே மிதவைக்கு மூணு நிமிஷம்.

காத்து பத்தி அவர் சொன்னத அப்படியே போடறேன்: "கரைக்காத்து அடிக்கயில கரையோரம் தண்ணி எண்ணெ மாதிரி கெடக்கும் மாப்ள, அத பாத்து ஏமாறாதீங்க. மரத்தோட உச்சிய பாருங்க, தண்ணிய பாக்காதீங்க." நான் வீட்ல அவங்கள பாத்தேன், அவங்க வேற பக்கம் பாத்தாங்க.

இப்ப எங்க வழக்கம்: காத்து எங்கேர்ந்து வருதோ அந்த பக்கமா முதல்ல போறது. எஞ்சின் நின்னா காத்தே கிளம்பின எடத்துல கொண்டு வந்து விட்டுடும். கரைக்காத்து நாள்னா கரையோரமாவே, நின்னா முட்டியளவு தண்ணியில எறங்கி இழுத்துட்டு வர்ற தூரத்துல. அதுக்கு ரெண்டரை எச்பி தாராளம்.

2024 ஆகஸ்ட் 5

ஸ்கூகாக் ஏரி. ஆழமே இல்லாத ஏரி, அடியெல்லாம் களை. ரெண்டு சமாச்சாரம்.

ஒண்ணு, 1.5 கிலோ மடக்கு நங்கூரம் களை மேல வழுக்கிக்கிட்டே வந்துச்சு, பிடிக்கவே இல்ல. மாமா வேன்ல இருந்த காலி வெங்காய பைய எடுத்து கரையில கல்லா பொறுக்கி நெரப்பி கட்டி போட்டார். நின்னுச்சு, நான் வாயடைச்சு போயிட்டேன். அப்புறம் காத்து கொஞ்சம் கூடினதும் அதுவும் நகந்துச்சு, அவரே "இது சும்மா மீன் பிடிக்கற நேரத்துக்கு, நம்பாதீங்க"ன்னு சொல்லிட்டு, மடக்கு நங்கூரத்துக்கும் கயித்துக்கும் நடுவுல ரெண்டு மீட்டர் சங்கிலி போடச் சொன்னார். சங்கிலி கனத்துல இழுப்பு படுத்தபடி வரும், நங்கூரம் மேல கிளம்பாம அடியில கொக்கி போடும். கயித்தையும் ஆழத்த மாதிரி அஞ்சு மடங்காவது விடணுமாம். நான் நேரா கீழ விட்டு கட்டிக்கிட்டு இருந்தேன்.

ரெண்டு, ப்ரொப்பெல்லர் கல்லுல தட்டி எஞ்சின் கத்துது, போட் நகரல. இந்த சின்ன எஞ்சின்ல ப்ரொப்பெல்லர ஒரு சின்ன பின் பிடிச்சிருக்கும், அடிபட்டா பின் ஒடஞ்சு கியர காப்பாத்தும். எஞ்சின் மூடிக்குள்ள டேப் போட்டு மாத்து பின் ஒட்டி வெச்சிருந்தேன் (பாத்தீங்களா, முன்னேற்றம்). ஆனா இடுக்கி எடுத்துட்டு வரல. பொண்ணோட ஹேர்பின்னால, ப்ரொப்பெல்லர் கழராம பூட்டற கொண்டி பின்ன நிமித்தி கழட்டி மாத்தினோம். நங்கூரம் போட்டுட்டுதான் பண்ணினோம், ஜூலை 26ல கேட்ட நண்பர் கவனிக்கவும்.

வேற ஒண்ணு: பம்ப்போட வால்வ் அடாப்டர காணோம். சாம்பல் கலர், ரெண்டு காது வெச்ச திருகற வகை. ஒத்த அடாப்டர் எங்க கிடைக்கும்னு தெரிஞ்சா சொல்லுங்க, முழு பம்ப்பா வாங்கச் சொல்றான் கடைக்காரன்.

2024 செப்டம்பர் 15

புதுசா வந்து 9.9 கேக்கற தம்பிக்கு: நீங்க ரெண்டே பேர், வீட்ல கராஜ் இருக்கு, படி இல்லங்கறீங்க. அப்ப என் கதை உங்களுக்கு பொருந்தாது, 6 வாங்குங்க, ஜாலியா இருக்கும். 9.9 வேணும்னா ட்ரெய்லர் போட்டு அடி கெட்டியான போட்டா போங்க, மடக்கறத மறந்துடுங்க. நாலு பேர், மாடிப்படின்னா மட்டும் மேல நான் எழுதினத படிங்க.

எங்க கணக்கு இந்த வருஷம்: பதினோரு தடவ. போட் இப்ப ஹால்ல காயுது, ரெண்டு நாளா சோஃபா இருந்த எடத்துல அதுதான். "என்னங்க இத எப்ப மடிப்பீங்க"ன்னு கேட்டுட்டே அவங்களே அதுல சாஞ்சு டிவி பாக்கறாங்க.

2024 செப்டம்பர் 16

அடாப்டர் கிடைச்சுது. பொண்ணோட லைஃப் ஜாக்கெட் பாக்கெட்ல, ரெண்டு கூழாங்கல்லோட.